காது அடைத்து வலிக்கிறதா? குறும்பி எடுக்கக் கிளம்பும் முன்

தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தால் ஒரு பக்கக் காது பொத்திக்கொண்டிருக்கும். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதிப்பீர்கள், மூக்கைப் பிடித்து ஊதிப் பார்ப்பீர்கள், சுண்டு விரலை விட்டு ஆட்டுவீர்கள், ம்ஹூம். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் உங்களுக்குக் கேட்கும். இரண்டு நாள் போனதும் லேசாக வலி தொடங்கும். அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இது முதன்முதலில் வந்தது பினாங்கின் பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் ஒரு ஞாயிறு முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு இரவுப் பேருந்தில் கோலாலம்பூர் திரும்பிய அன்று. தைப்பிங் தாண்டுவதற்குள் இடது காது அடைத்துவிட்டது. அடைப்பு மட்டும்தான், வலி இல்லை. வலியை நானேதான் வரவழைத்துக்கொண்டேன், தங்கச்சியின் கொண்டை ஊசியால். மறுநாள் காலையில் தலையணை உறையில் ஒரு மிளகளவு ரத்தக்கறை. அதற்கப்புறம் மூன்று முறை டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், ஒரு முறை ரொம்ப மோசமாகப் போனது, அதைப் பின்னால் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. முதல் தடவையாகக் காது அடைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கு, பட்டவன் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ‘குறும்பியை (காது மெழுகை) எப்படி எடுப்பது’ என்றுதான் கேட்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியே வரவேண்டும்.

உள்ளே இருப்பது அழுக்கு இல்லை

பெரியவர்களின் காதுக் குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, முடியும் சுரப்பிகளும் அங்கேதான் இருக்கின்றன, குறும்பி உண்டாவதும் அங்கே மட்டும்தான். மீதி உள்பக்கம் எலும்பு. அதன்மேல் இருக்கும் தோல் வெங்காயச் சருகு மாதிரி, லேசாக உரசினாலே உயிர் போகும். ஆகவே செவிப்பறைக்குப் பக்கத்தில் குறும்பி கட்டியாகக் கிடந்தால் பெரும்பாலும் அது தானாக அங்கே போனதில்லை, யாரோ தள்ளிக்கொண்டு போய் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோ அநேகமாக நீங்கள்தான்.

காதுக்குள் இருக்கும் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது, குறும்பி அந்தத் தோலோடு சேர்ந்து வாசலுக்கு வந்து காய்ந்து உதிர்ந்துவிடும். நாம் அதில் காட்டன் பட்டை, அதாவது பஞ்சு சுற்றிய குச்சியை விடுகிறோம். புட்டுக் குழாயில் மாவைப் போட்டுக் கட்டையால் அமுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. குச்சியின் நுனியில் கொஞ்சம் பழுப்பாக ஒட்டிவருவதைப் பார்த்து நமக்குத் திருப்தி, அதைவிடப் பத்து மடங்கு உள்ளே இறங்கியிருக்கும். அப்படி அமுங்கிய கட்டியில் கடல் தண்ணீரோ ஷவர் தண்ணீரோ பட்டதும் உப்பிக் குழாயை முழுக்க அடைத்துவிடுகிறது. நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென்று அடைப்பது அதனால்தான். நாள் முழுக்க இயர்போன் மாட்டிக்கொண்டு அதன்மேல் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு மோட்டாரில் சுற்றுகிறவர்களுக்கும், காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் வாசலே மூடிக்கிடப்பதால் இது அடிக்கடி வரும்.

இடையில் ஒரு விஷயம். குறும்பியில் ஈரமானது, உலர்ந்தது என்று இரண்டு வகை உண்டு, அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கிழக்காசியர்களில் பெரும்பாலோருக்கு உலர்ந்த வகை, செதில் செதிலாக உதிரும். நம்மவர்களில் இரண்டும் உண்டு, ஆனால் தேன் மாதிரி பிசுபிசுவென்று இருப்பவர்கள் நிறையப் பேர். என் சீன நண்பன் ஒரு சின்ன மூங்கில் கரண்டியால் வாசலோரமாகச் சுரண்டிச் செதிலைத் தட்டிவிடுவான், அதைப் பார்த்து நானும் ஒன்று வாங்கி வந்தேன். பிசின் வகைக் காதில் அந்தக் கரண்டி ஒன்றையும் எடுக்காது, அமுக்கத்தான் செய்யும். அவனுக்கும் அது தேவையே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பது வேறு கதை.

முதல் வேலை: வலி எதனால் என்று பாருங்கள்

வெறும் குறும்பி அடைப்பு என்றால் காது கனக்கும், மந்தமாகக் கேட்கும், நமைச்சல் இருக்கும், உள்ளே ‘ங்ங்’ என்று இரையும், சிலருக்குக் காரணமே இல்லாமல் வறட்டு இருமல்கூட வரும். காதுக் குழாய்க்கு வரும் ஒரு நரம்பு தொண்டைக்குப் போகும் நரம்பின் கிளை, காதைக் குடையும்போது சிலர் இருமுவது அதனால்தான். கட்டி பெரிதாகிச் செவிப்பறையில் அழுத்தினால் வலியும் வரலாம். ஆனால் சுருக் சுருக்கென்று குத்துகிற வலி, தூங்கவிடாத வலி என்றால் குறும்பியோடு வேறு ஏதோவும் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

வீட்டிலேயே ஒரு சோதனை. காது வாசலுக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அதை விரலால் மெதுவாக அழுத்துங்கள். அப்புறம் காது மடலைப் பிடித்து மேலும் பின்னும் இழுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் வலி பளீரென்று கூடினால் காதுக் குழாயின் தோல் புண்ணாகியிருக்கிறது, கிருமி தொற்றியிருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும், நீச்சல் குளத்துக்கும், குடைச்சலுக்கும் இது சர்வசாதாரணம், பூஞ்சைகூட வளரும். அந்த நிலையில் உள்ளே தண்ணீர் அடித்தால் கதை கந்தல். சளி, காய்ச்சல் பிடித்து அதன் பின்னால் காது வலி வந்திருந்தால் கோளாறு செவிப்பறைக்கு உட்பக்கம் இருக்கலாம். வலி உச்சத்துக்குப் போய் திடீரென்று குறைந்து சீழோ தண்ணீரோ வடிந்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம். இந்த இரண்டிலும் எண்ணெயும் வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு சோதனை, இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். அடைத்த காதுப் பக்கம் சத்தம் கூடுதலாகக் கேட்டால் அது குழாய் அடைப்பு மாதிரியான கோளாறு, பெரும்பாலும் பயமில்லை. அடைத்ததாக நீங்கள் நினைக்கிற காதில் குறைவாகவும் நல்ல காதில் கூடுதலாகவும் கேட்டால் உள்காது நரம்பு பாதித்திருக்க வாய்ப்பு உண்டு. நரம்பால் வரும் திடீர்ச் செவிட்டுத்தனமும் ‘காது அடைத்த மாதிரி’தான் தொடங்கும். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். குறும்பிதானே என்று ஒரு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். இந்த முனகல் சோதனை டாக்டருக்கு ஈடாகாது, ஆனால் இன்று போகலாமா அடுத்த வாரம் போகலாமா என்று முடிவெடுக்க உதவும்.

எண்ணெய் எதுவும் தொடாமல் அன்றைக்கே போகவேண்டியவர்கள் யாரென்றால்: காதிலிருந்து ரத்தமோ சீழோ வருகிறவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், தலை சுற்றி வாந்தி வருகிறவர்கள், முகம் ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி இருப்பவர்கள், ஒரு காது திடீரென்று சுத்தமாகக் கேட்காமல் போனவர்கள், காதுக்குள் எதையாவது போட்டுக்கொண்ட குழந்தைகள். பொத்தான் பேட்டரி என்றால் அடுத்த நாள் என்ற பேச்சே கிடையாது, சில மணி நேரத்தில் தோலை அரித்துவிடும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர், நம் குடும்பங்களில் எண்ணிப் பார்த்தால் அதைவிட அதிகமாகவே தெரியும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத வயதானவர்களுக்குச் சாதாரணக் காதுப் புண் எலும்புவரை இறங்கக்கூடும். ராத்திரியில் கூடுகிற, மாத்திரைக்கு அடங்காத காது வலி என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால் ‘குறும்பியா இருக்கும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் டாக்டரிடம் ‘இவருக்கு இனிப்புநீர் இருக்கிறது’ என்று சொல்லுங்கள், மீதி அப்புறம்.

இரண்டாவது: ஊறவைப்பது

மேலே சொன்ன எதுவும் இல்லை, அடைப்பும் லேசான கனமும் மட்டும்தான், செவிப்பறை இதற்கு முன் கிழிந்ததில்லை, காதில் ஆபரேஷன் நடந்ததில்லை, செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்ததில்லை என்றால் ஊறவைக்கத் தொடங்கலாம். இதற்குப் பொறுமைதான் வேண்டும்.

பார்மசியில் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டு, சோடியம் பைகார்பனேட் சொட்டு, டோக்குசேட் சொட்டு என்று விதவிதமாக அடுக்கி வைத்திருப்பார்கள், விலையும் விதவிதமாக இருக்கும். எது நல்லது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். இந்தச் சொட்டுகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2018-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, ஒன்றைவிட இன்னொன்று சிறந்தது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது, வெறும் உப்புநீரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் மலிவான ஆலிவ் எண்ணெய்ச் சொட்டையே வாங்குகிறேன். சில சொட்டு மருந்தில் கடலை எண்ணெய் கலந்திருக்கும், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்மசிஸ்டிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

செய்முறை இதுதான். குப்பியை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து ஐந்து நிமிடம் பொத்திக்கொண்டிருங்கள், அந்தச் சூடு போதும். அடுப்பில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் பூண்டு போட்டு எண்ணெயைக் காய்ச்சிச் சுடச்சுட விடும் வழக்கத்தில் வெந்துபோன காதுகள் எத்தனையோ. அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும். மூன்று நான்கு சொட்டு விட்டு, வாசலுக்கு முன்னால் இருக்கும் அந்த மேட்டைச் சில முறை அமுக்கி அமுக்கி விடுங்கள், உள்ளே ‘களக் களக்’ என்று எண்ணெய் இறங்கும். ஐந்து பத்து நிமிடம் அப்படியே கிடந்துவிட்டு எழுந்து, வழிவதைத் துணியால் துடைத்தால் போதும். பஞ்சை வைத்து அடைக்காதீர்கள், விட்ட எண்ணெயை அது குடித்துவிடும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, மூன்று முதல் ஐந்து நாள்.

இரண்டாம் நாள் காது இன்னும் மோசமாக அடைக்கும். பயந்துவிடாதீர்கள், உள்ளே கட்டி ஊறி உப்புகிறது. நான் முதல் தடவை இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து கொண்டை ஊசியை எடுத்தேன். அந்த நாள்களில் முக்கியமான மீட்டிங் இருந்தால் அதற்கு முன்னால் ஊறவைக்கத் தொடங்காதீர்கள் என்பதுதான் என் சொந்த யோசனை. சிலருக்கு நான்காம் நாள் குளிக்கும்போது தானாகவே உருண்டு வந்துவிடும், கிளினிக் செலவு மிச்சம். சொட்டு விட்டதும் எரிந்தாலோ, தொண்டைக்குள் எண்ணெய் இறங்குகிற மாதிரி கசந்தாலோ உடனே நிறுத்துங்கள், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

காது மெழுகுவர்த்தி. ஸ்பாக்களில், மசாஜ் கடைகளில் காதில் ஒரு குழல் மெழுகை நட்டுப் பற்றவைத்து, முடிந்ததும் பிளந்து காட்டுவார்கள், உள்ளே பழுப்பாகப் பொடி இருக்கும், ‘பாருங்க, இவ்வளவு அழுக்கு’ என்பார்கள். அது அந்த மெழுகே எரிந்து மிஞ்சியது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்து பார்த்தார்கள், அந்தக் குழல் எதையும் உறிஞ்சவில்லை, சில காதுகளில் மெழுகுவர்த்தி மெழுகைத்தான் புதிதாகச் சேர்த்திருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2010-இல் இதை எச்சரித்தது. நம்பிக்கை வராதவர்கள் காதில் வைக்காமல் ஒரு கண்ணாடிக் குவளையில் நட்டு எரித்துப் பாருங்கள், அதே பொடி இருக்கும்.

அடுத்தது இணையத்தில் விற்கும் கேமரா வைத்த காதுக் கரண்டி. கைப்பேசித் திரையில் குகை மாதிரி பெரிதாகத் தெரிவதால் நிறைய இடம் இருக்கிறது என்று தோன்றும். திரையில் ஆழம் தெரியாது, பக்கத்தில் ஓடிவரும் பிள்ளை முழங்கையில் இடித்தால் தீர்ந்தது. பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன், இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

எறும்போ பூச்சியோ புகுந்துவிட்டால் மட்டும் ஓர் அவசர விதிவிலக்கு. செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டு அதன் ஆட்டத்தை நிறுத்தலாம், எடுப்பதற்குக் கிளினிக்தான்.

எங்கே போவது

மலேசியக் குடிமக்கள் என்றால் பக்கத்தில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து, அதாவது அரசு சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள், ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). மைசெஜாத்தெரா செயலியில் நேரம் பதிந்துகொண்டு போனால் காத்திருப்பு குறையும். அங்கே டாக்டர் ஆட்டோஸ்கோப்பால் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியால்) பார்த்து, சொட்டு கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்லலாம், அல்லது சூராட் ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவார். அந்தக் கடிதத்தோடு பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது புதியவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் தடுமாறுகிறார்கள்: பலகையில் இ.என்.டி. என்று தேடிக்கொண்டே சுற்றுவார்கள். அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஓ.ஆர்.எல். என்று பெயர், ஒத்தோரினோலாரிங்கோலோஜி என்பதன் சுருக்கம். ஜாலான் பஹாங்கில் இருக்கும் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும், ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்குப் பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. நிபுணருக்கும் குடிமக்கள் கட்டுவது கொஞ்சம்தான், ஆனால் குறும்பிக்கு என்று போனால் தேதி கிடைக்க நாளாகலாம், அவசரமானவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது நியாயம்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்களுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் வேறு, பல மடங்கு கூடுதல், ஆகவே முதலாளியிடமோ கல்லூரியிலோ எந்தப் பேனல் கிளினிக் (அவர்கள் ஏற்பாடு செய்திருக்கும் கிளினிக்) என்று கேட்டுக்கொண்டு அங்கே போவதே மேல். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.

தனியார் கிளினிக்குக்குப் போவதென்றால் போகுமுன் ஒரு போன். இதைத்தான் நான் செய்யாமல் மாட்டினேன். கவுண்டரில் தமிழோ ஆங்கிலமோ எடுபடவில்லை என்றால் ‘தெலிங்ஙா தெர்சும்பாட்’ என்றால் காது அடைப்பு, ‘சாக்கிட் தெலிங்ஙா’ என்றால் காது வலி, குறும்பிக்குத் ‘தாஹி தெலிங்ஙா’. கேட்கவேண்டியது: குறும்பி எடுப்பீர்களா, தண்ணீர் அடித்தா, மெஷினால் உறிஞ்சியா, கட்டணம் ஒரு காதுக்கா இரண்டுக்குமா, டாக்டர் பார்க்கும் கட்டணம் தனியா, ஒரே நாளில் எடுக்கமுடியாமல் திரும்ப வரச்சொன்னால் மறுபடி முழுதும் கட்டவேண்டுமா. கடைசிக் கேள்விக்குக் கவுண்டரில் இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார், பரவாயில்லை, யோசிக்கட்டும். மெடிக்கல் கார்டு (காப்புறுதி அட்டை) இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள், படுக்கையில் சேராத சிகிச்சைக்குப் பெரும்பாலான கார்டுகள் கொடுக்காது.

காது மெஷின் விற்கும் நிலையங்களிலும் ஆடியோலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்) குறும்பி எடுப்பதுண்டு. 2016-இல் வந்த சட்டம் 774-இன்கீழ் ஆடியோலஜிஸ்ட் பதிவுபெற வேண்டிய தொழில், ஆகவே பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். வலி இல்லாத வெறும் அடைப்புக்கு இது வசதி. வலி இருந்தால் மருந்து எழுத டாக்டர்தான் வேண்டும்.

நாற்காலியில்

லேசாகப் பசியாறிவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் தலைசுற்றினாலும் கஷ்டம், வயிறு முட்ட நாசி லெமாக் தின்றுவிட்டுச் சுற்றினால் இன்னும் கஷ்டம். முடிந்தால் மோட்டாரில் தனியாகப் போகாதீர்கள்.

தண்ணீர் அடிப்பது பழைய முறை. தோளில் ஒரு துண்டைப் போட்டு, காதுக்குக் கீழே சிறுநீரக வடிவத் தட்டு ஒன்றை உங்கள் கையிலேயே பிடிக்கச் சொல்லி, பெரிய சிரிஞ்சாலோ மெஷினாலோ குழாயின் மேல் சுவரைப் பார்த்து அடிப்பார்கள், தண்ணீர் கட்டிக்குப் பின்னால் போய் அதை வெளியே தள்ளும். இதில் முக்கியம் தண்ணீரின் சூடு, உடம்புச் சூடாக, அதாவது 37 டிகிரியாக இருக்கவேண்டும். குளிர்ந்தாலும் கொதித்தாலும் உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பிவிடும். நான் போன் பண்ணாமல் நுழைந்த ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், டாக்டர் உள்ளே சரியாகப் பார்க்கக்கூட இல்லை, நேரே குழாய்த் தண்ணீரைச் சிரிஞ்சில் ஏற்றி அடித்தார். இரண்டாவது அடியிலேயே சுவர்க் கடிகாரம் இடது பக்கமாக ஓடத் தொடங்கியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. கட்டி வரவில்லை, ஏனென்றால் நான் சரியாக ஊறவைத்து முடிக்காமல் போயிருந்தேன், அது என் தப்பு. ஏற்கெனவே கொண்டை ஊசியால் கீறியிருந்த தோலில் தண்ணீரும் பட்டு, மூன்றாம் நாள் காது வாசலே வீங்கி மூடிக்கொண்டது. ஆகவே சிரிஞ்சைப் பார்த்ததும் ‘டாக்டர், வெதுவெதுப்பான தண்ணீர்தானே’ என்று கேட்டுவிடுங்கள். வலித்தால் கையைத் தூக்குவேன், நிறுத்திவிடுங்கள் என்றும் முன்கூட்டியே சொல்லுங்கள். நன்றாகச் செய்தால் இது வலிக்கவே கூடாது.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காது ஆபரேஷன் ஆனவர்கள், இப்போது காதில் புண்ணோ சீழோ இருப்பவர்கள், அந்த ஒரு காதுதான் கேட்கிறது என்பவர்கள் தண்ணீர் முறைக்குச் சம்மதிக்காதீர்கள். இனிப்புநீர்க்காரர்கள் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீங்கிய காதோடு கடைசியில் நான் போய் நின்றது ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரிடம். அவர் முதலில் குறும்பியைத் தொடவே இல்லை. பார்த்துவிட்டு, தொற்றுக்குச் சொட்டு மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார். எனக்கு ஏமாற்றம், அன்றே எடுத்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். அடுத்த வாரம் படுக்கவைத்து, மைக்ராஸ்கோப்பால் பார்த்துக்கொண்டே மெல்லிய உலோகக் குழலை உள்ளே விட்டு உறிஞ்சினார். இந்த முறையில் தண்ணீர் இல்லை, என்ன செய்கிறோம் என்று அவருக்குக் கண்ணால் தெரியும், எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் சத்தம்! கோப்பையின் அடியில் மிஞ்சிய ஐஸ் மைலோவை ஸ்ட்ராவால் உறிஞ்சும்போது வருமே, அந்தச் சத்தம் உங்கள் மூளைக்குள்ளிருந்தே வருகிற மாதிரி இருக்கும். லேசாகத் தலை கிறுகிறுக்கும், சில நொடி நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். முக்கியமானது ஒன்று, தலையை ஆட்டாதீர்கள், இரும ஆசை வந்தால் கையைத் தூக்குங்கள்.

கடைசியில் சின்ன இடுக்கியால் ஒரு இழுப்பு. வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார், புளியங்கொட்டை அளவு, நிறமும் ஏறக்குறைய அதுதான், ஒரு முனையில் பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்துக் காட்டன் பட்டோ! எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது என் சட்டைக் காலர் கழுத்தில் உரசும் சத்தம். ஏர்கான் இரைச்சல், நர்ஸின் செருப்பு, எல்லாம் தாறுமாறாகப் பெரிதாக இருந்தது, ஒரு நாளில் பழகிவிட்டது.

எடுத்த பிறகு

கிளம்புமுன் டாக்டரிடம் இரண்டு கேள்வி: செவிப்பறை முழுதாக இருக்கிறதா, தோலில் கீறல் ஏதாவது உண்டா. இன்னொரு காதையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்று அடைத்தால் மற்றதும் அநேகமாக வரிசையில் நிற்கும். குறும்பி எடுத்தும் சரியாகக் கேட்கவில்லை என்றால் அதை அங்கேயே சொல்லி, கேட்கும் திறன் சோதனைக்குத் தேதி வாங்குங்கள்.

நாலைந்து நாள் காதில் தண்ணீர் போகாமல் பாருங்கள். குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவி வாசலில் மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் எடுத்துவிடுங்கள். நமைக்கும், கண்டிப்பாக நமைக்கும், குறும்பி என்ற பூச்சு போனதால் தோல் வறண்டு கிடக்கிறது, விரலைக்கூட விடாதீர்கள். வலி குறையாமல் கூடினாலோ ஏதாவது வடிந்தாலோ அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

அடிக்கடி அடைக்கிறவர்களுக்கு என் டாக்டர் சொன்னது, வாரம் ஒரு முறை இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய். நான் அதைச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு சேர்த்துவிட்டேன், மறக்காது. கடலிலோ குளத்திலோ இறங்கி வந்தால் தலையைச் சாய்த்து வடியவிட்டு, துண்டின் முனையால் வாசலை ஒற்றினால் போதும். இயர்போனின் ரப்பர் முனையைக் கழற்றித் துடைத்துவையுங்கள், எனக்கு ஒரு முறை தொற்று திரும்ப வந்தது அதனால்தான் இருக்கவேண்டும். அப்பாவுக்குக் காது மெஷின் கீச்சென்று கத்தினால் பேட்டரியையும் கம்பெனியையும் திட்டுவதற்கு முன்னால் காதுக்குள் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் இரண்டு முறை பழுதுபார்க்க அனுப்பி, இரண்டு முறையும் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.